அச்சம் எங்கிருந்து வருகிறது? பொதுவெளி, பாலினம், பாதுகாப்பு உணர்வு: ஓர் எளிய விளக்கம்

இருட்டிய பிறகு, நீங்கள் வசிக்கும் பகுதியில் தனியாக நடந்து போகும்போது எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறீர்கள்? குற்றங்களைப் பற்றி மக்களிடம் கணக்கெடுப்பு நடத்தும் நாடுகள் பலவற்றில் இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. ஐக்கிய நாடுகள் அவை 2030ஆம் ஆண்டுக்கென வகுத்த நிலையான வளர்ச்சி இலக்குகளிலும் இதற்குக் கிடைக்கும் பதில் ஓர் அளவுகோல். பதில்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. ஒன்று மட்டும் அநேகமாக மாறுவதில்லை: பாதுகாப்பாகவே உணர்கிறேன் என்று ஆண்களில் எத்தனை பேர் சொல்கிறார்களோ, பெண்களில் அதைவிடக் குறைவானவர்களே சொல்கிறார்கள். குற்றம் குறைந்த, வசதி மிகுந்த நாடுகளிலும் இந்த இடைவெளி இருக்கிறது.

இதைப் பார்த்ததும் பெண்கள் இயல்பிலேயே பயந்தவர்கள் என்று முடிவுகட்டுவது எளிது. நெடுங்காலம் அப்படித்தான் முடிவுகட்டினார்கள். கடந்த நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குற்றவியலாளர்களும் புவியியலாளர்களும் சமூகவியலாளர்களும் இதைத் தோண்டிப் பார்த்ததில் கிடைத்த சித்திரம் வேறு. அந்த அச்சத்துக்குள் அனுபவம் இருக்கிறது, கற்றுக்கொண்ட கணக்கு இருக்கிறது, யார் கண்ணிலும் படாத அன்றாட உழைப்பு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள உதவும் அடிப்படைகளை இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் இடத்தில் எத்தனை குற்றங்கள் நடந்தன என்பது ஒன்று. அந்த இடத்தில் நிற்பவருக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்பது இன்னொன்று. முன்னதைக் காவல்துறைப் பதிவேடு ஓரளவுக்குச் சொல்லும். பின்னதை அங்கே நிற்பவர்தான் சொல்ல முடியும். ஒருவர் எந்த வழியில் போகிறார், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எந்த வேலையை ஏற்கிறார், எதை வேண்டாம் என்று விடுகிறார் என்பதையெல்லாம் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். தெரு, பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், பூங்கா, பொதுக் கழிப்பறை என எல்லோருக்கும் உரியதாகச் சொல்லப்படும் இடங்களை உண்மையில் யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பது அதைப் பொறுத்தே அமைகிறது.

ஆண்கள்தானே அதிகம் தாக்கப்படுகிறார்கள்?

இந்தத் துறையின் பழைய புதிர் இது. போதைப்பொருள் மற்றும் குற்றத்துக்கான ஐ.நா. அலுவலகத்தின் கணக்குப்படி 2017இல் உலகெங்கும் கொலையுண்டவர்கள் சுமார் 4,64,000 பேர். அவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஆண்கள். தெருச் சண்டை, கத்திக்குத்து போன்றவற்றிலும் பல நாடுகளில் ஆண்களே அதிகம் அடிபடுகிறார்கள். அப்படியிருந்தும் அதிகம் அஞ்சுபவர்கள் பெண்கள். ஆபத்து குறைந்தவர்கள் ஏன் அதிகம் அஞ்ச வேண்டும் என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதாகத் தெரியும். அதற்குள் மறைந்திருக்கும் அனுமானங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தால் புதிர் தானாகவே அவிழத் தொடங்கும்.

முதலாவது, எதை எண்ணுகிறோம் என்பது. பின்னாலேயே நடந்து வருவது, நெரிசலில் வேண்டுமென்றே உரசுவது, உடலைப் பற்றி உரக்கப் பேசுவது, காலியான இருக்கைகள் நிறைய இருக்கும்போது ஒட்டி வந்து உட்காருவது, பதில் சொல்லாவிட்டால் வசைபாடுவது. இவற்றில் எத்தனை காவல் நிலையம்வரை போகின்றன? எழுதி வைக்கப்படாததால் இவை கணக்கில் இல்லை. பிரிட்டனின் சமூகவியலாளர் லிஸ் கெல்லி 1980களில் முன்வைத்த ஒரு கருத்து இங்கே மிகவும் பயன்படும். பார்வை, பேச்சு, தொடுகை, தாக்குதல், வல்லுறவு என்பவற்றைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைக்காமல் ஒன்றோடொன்று இணைந்த ஒரு தொடராகப் பார்க்க வேண்டும் என்றார் அவர். காரணம் நடைமுறை சார்ந்தது. ஒருவன் பின்னால் வரத் தொடங்கும்போது அது எங்கே போய் முடியும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஒன்றுமே நடக்கவில்லை என்பது வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திய பிறகுதான் உறுதியாகிறது. அதுவரை கடந்த பத்து நிமிடமும் அவளுக்கு உண்மையான ஆபத்தாகவே இருந்தது. மறுநாள் அதைச் சொன்னால் கேட்பவர், "எதுவும் நடக்கவில்லைதானே?" என்கிறார். இந்தக் கேள்வி எவ்வளவு புண்படுத்துகிறது என்பதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அறிவதே இல்லை.

இரண்டாவது, பாலியல் வன்முறையின் நிழல். அமெரிக்கக் குற்றவியலாளர்கள் மார்க் வாரும் கெனத் ஃபெராரோவும் 1980களிலும் 1990களிலும் இதை விளக்கினார்கள். வீட்டில் திருடன் புகுந்தால் என்ன ஆகும் என்று ஓர் ஆணிடம் கேட்டால் அவர் மனம் பொருள் இழப்பிலேயே பெரும்பாலும் நிற்கிறது. ஒரு பெண்ணின் மனம் அதற்கு அப்பாலும் போகிறது: உள்ளே வந்தவன் வேறு எதையும் செய்யக்கூடும். வழிப்பறியும் அப்படித்தான், கைப்பையைப் பறிப்பதும் அப்படித்தான். எந்தக் குற்றத்துக்குப் பின்னாலும் வல்லுறவின் சாத்தியம் நிற்பதால் மற்ற எல்லா அச்சங்களும் கனக்கின்றன. வல்லுறவு பற்றிய அச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மீண்டும் ஒப்பிட்டபோது, பிற குற்றங்களைக் குறித்த அச்சத்தில் ஆண், பெண் வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோவதை ஃபெராரோ 1996இல் காட்டினார்.

மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒரு பெண் வெளியே கிளம்பும்போது என்னவெல்லாம் செய்கிறாள் என்று பாருங்கள். எந்த வழியில் வெளிச்சம் இருக்கும் என்று யோசிக்கிறாள். திரும்பும் நேரத்துக்கு வண்டி கிடைக்குமா என்று பார்க்கிறாள். ஓட வேண்டியிருந்தால் ஓடக்கூடிய செருப்பை அணிகிறாள். காதில் இயர்போனை மாட்டினாலும் பாட்டை நிறுத்தி வைக்கிறாள். யாரோடும் பேசாமலேயே தொலைபேசியில் பேசுவதுபோல் நடிக்கிறாள். சாவியை விரல்களுக்கிடையில் பிடித்துக்கொள்கிறாள். வண்டியின் எண்ணைத் தோழிக்கு அனுப்புகிறாள். வந்து சேர்ந்ததும் செய்தி அனுப்பு என்று தோழியும் சொல்கிறாள். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்வதா, எரிச்சலூட்டாதபடி லேசாகப் புன்னகைப்பதா என்பதைக்கூட எதிரில் வரும் ஆளைப் பொறுத்து நொடியில் முடிவு செய்கிறாள். லிஸ் கெல்லியும் ஃபியோனா வீரா-கிரேயும் இதற்குப் 'பாதுகாப்பு வேலை' என்று பெயரிட்டார்கள். ஊதியம் கிடையாது, விடுமுறை கிடையாது. பல ஆண்டுகள் செய்து பழகியதால் செய்பவருக்கே அது வேலையாகத் தெரிவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 28 நாடுகளில் சுமார் 42,000 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. தாக்கப்படுவோம் என்ற அச்சத்தால் சில இடங்களையோ சூழல்களையோ சில வேளைகளிலாவது தவிர்ப்பதாக அவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானவர்கள் சொன்னார்கள். இப்போது புதிரின் முடிச்சைக் கவனியுங்கள். இருட்டுச் சந்தில் பெண்கள் மீதான குற்றம் குறைவு என்று பதிவேடு சொல்கிறது. அந்தச் சந்தில் பெண்கள் போவதே இல்லை என்பதைப் பதிவேடு சொல்வதில்லை. இந்த வேலை பலித்த நாள்களில் எதுவும் நடக்காது. நடக்காததை எண்ண முடியாது. என்றாவது ஒருநாள் பலிக்காமல் போனால், அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய் என்று அவளையே கேட்பார்கள். அஞ்சினால் அளவுக்கு மீறிய அச்சம், அஞ்சாவிட்டால் அலட்சியம். இந்த இரண்டுக்கும் நடுவில் 'சரியான அளவு' என்று ஒன்றை எந்தப் பெண்ணாலும் பிடித்துவிட முடியாது. அப்படி ஓர் அளவை அவளிடம் எதிர்பார்ப்பதே அநியாயம்.

நான்காவதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆண்கள் சொல்லும் பதிலையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பயப்படுகிறேன் என்று ஒப்புக்கொள்வது ஆண்மைக்கு இழுக்கு என்று சிறுவயதிலிருந்தே கற்பிக்கப்படுகிறது. ராபி சட்டனும் ஸ்டீஃபன் ஃபாரலும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மற்றவர் மெச்சும்படி பதில் சொல்லும் போக்கை அளக்கும் கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். அந்தப் போக்கு அதிகமுள்ள ஆண்கள் தங்கள் அச்சத்தைக் குறைத்தே சொல்லியிருந்தது தெரிந்தது. ஆக, இடைவெளியின் ஒரு பகுதி ஆண்களின் மௌனம்.

தவறான இடத்தைக் காட்டும் வரைபடம்

அச்சம் எப்போதும் சரியான திசையைக் காட்டுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. அதே 2017இல் கொலையுண்ட பெண்கள் சுமார் 87,000 பேர் என்றும் அவர்களில் சுமார் 50,000 பேரைக் கொன்றவர்கள் கணவர், காதலர் அல்லது குடும்பத்தினர் என்றும் ஐ.நா. அலுவலகம் மதிப்பிட்டது. அதாவது 58 சதவிகிதம். பெண்ணுக்கு மிக ஆபத்தான இடம் வீடாக இருக்கும்போது, எச்சரிக்கைகள் எல்லாம் தெருவையே சுட்டுகின்றன. அந்நியனைப் பற்றிச் சொல்லித்தரப்படும் அளவுக்கு அறிந்தவனைப் பற்றிச் சொல்லித்தரப்படுவதில்லை. பிரிட்டிஷ் புவியியலாளர் கில் வாலன்டைன் 1989இல் இந்தப் பொருத்தமின்மையை எடுத்துக்காட்டினார். வன்முறை எல்லா நேரமும் எல்லா இடத்திலும் தாக்கும் என்று நினைத்துக்கொண்டு யாராலும் வாழ முடியாது. எனவே ஆபத்தைச் சில இடங்களோடும் சில நேரங்களோடும் கட்டிவைத்துத் தவிர்க்கப் பழகுகிறார்கள். இதன் விளைவு என்னவென்றால், பொதுவெளி ஆண்களுடையதாகவும் வீடு பெண்களுடையதாகவும் நிலைபெறுகிறது. வீட்டுக்குள் அடிபடுகிறவளுக்கு வெளியும் அடைபடுகிறது.

கண் எதைத் தேடுகிறது

இடத்தின் அமைப்புக்கும் உணர்வுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் போனி ஃபிஷரும் ஜாக் நாசரும் 1992இல் மூன்று அம்சங்களைச் சுட்டினார்கள்: எதிரே எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிகிறது, யாராவது ஒளிந்து நிற்க இடம் இருக்கிறதா, ஆபத்து வந்தால் வெளியேற வழி இருக்கிறதா. தூரம் தெரியாமல், மறைவிடம் நிறைந்து, ஒரே வாசலோடு இருக்கும் இடமே அதிக அச்சம் தருகிறது. சுரங்கப்பாதையும் பல மாடி வாகன நிறுத்தமும் உலகெங்கும் பெண்களின் பட்டியலில் முதலில் வருவது ஏன் என்று இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நடைபாதைகளின் புகைப்படங்களைக் காட்டி, இவ்வழியே நடப்பதாகக் கற்பனை செய்து கண்ணில் படும் இடங்களைத் தொட்டுக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். ஆண்கள் பெரும்பாலும் பாதையையும் விளக்கையும் நேரெதிரே இருந்தவற்றையும் தொட்டார்கள். பெண்கள் பாதையின் இருபுறப் புதர்களையும் இருண்ட ஓரங்களையும் தொட்டார்கள். ஒரே படத்தில் இருவர் பார்த்தது இரு வேறு இடங்களை.

இதனால் ஆளரவமற்ற இடங்களே பிரச்சினை என்று நினைத்துவிடக் கூடாது. நெரிசலான பேருந்திலும் ரயிலிலும் பெண்கள் அஞ்சுவது வேறொன்றுக்கு: கூட்டத்தின் மறைவில் நீளும் கைக்கு. காலியான தெருவில் உதவிக்கு ஆள் இல்லை என்ற அச்சம். நிறைந்த பெட்டியில் ஆள் இருந்தும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்ற அச்சம். தெருவைப் பார்த்தபடி எப்போதும் சில கண்கள் இருந்தால் அந்தத் தெரு பாதுகாப்பாக இருக்கும் என்று நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் சொன்னது நகரத் திட்டமிடலில் பெரும் செல்வாக்குப் பெற்றது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கண்கள் யாருடையவை என்று கேட்டாக வேண்டும். கடைவாசலில் கூடி நிற்கும் ஆண்கள் மட்டுமே உள்ள தெருவில் கண்களுக்குப் பஞ்சமில்லை. அவ்வழியே போகும் பெண் தலையைக் குனிந்துகொண்டுதான் நடக்கிறாள். கூட்டம் இருக்கிறதா என்பதோடு, அதில் பெண்கள் இருக்கிறார்களா, அவர்கள் அவசரமில்லாமல் நிற்கிறார்களா என்பதும் சேர்ந்துதான் நிம்மதியைத் தருகிறது.

கொடுக்கும் விலை

பொருளியலாளர் கிரிஜா போர்க்கர் தில்லிப் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்த ஆய்வு எனக்கு மறக்க முடியாதது. மதிப்பெண் இருந்தும் மாணவிகள் பலர் தங்களுக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த கல்லூரியை விட்டுவிட்டுத் தரவரிசையில் கீழே உள்ளதைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம், அங்கே போகும் வழி பாதுகாப்பானதாகத் தோன்றியது. பாதுகாப்பான வழிக்காக மாணவர்கள் கொடுக்கத் தயாராக இருந்ததைவிட மிக அதிகமான நேரத்தையும் பணத்தையும் மாணவிகள் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். பேருந்தில் நடக்கும் சீண்டல் ஒரு பெண்ணின் பட்டத்தையும் வேலையையும் வாழ்நாள் வருமானத்தையும் தொடுகிறது. எந்தக் குற்றப் பதிவேட்டிலும் இந்த இழப்பு ஏறாது.

வியன்னாவில் 1990களில் வேறொன்றைக் கவனித்தார்கள். ஒன்பது வயதைத் தாண்டியதும் பூங்காக்களுக்கு வரும் சிறுமிகளின் எண்ணிக்கை சரிந்தது; சிறுவர்களின் எண்ணிக்கை அப்படியே இருந்தது. பூங்காவில் ஒரே ஒரு பெரிய திறந்தவெளி இருந்தால் அதைச் சிறுவர்கள் பிடித்துக்கொள்வார்கள், சிறுமிகள் போட்டியிடாமல் ஒதுங்கிவிடுவார்கள். 1999இல் மாநகராட்சி இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தது. திறந்தவெளியைச் சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், நடைபாதைகளைக் கூட்டினார்கள், கைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு யாரும் தைரியம் சொல்லித்தரவில்லை. இடம் மாறியது, அவ்வளவுதான்.

எல்லாப் பெண்களின் அனுபவமும் ஒன்றல்ல

பாலினம் தனியாக வேலை செய்வதில்லை. சக்கர நாற்காலியில் வரும் பெண்ணுக்கு வேகமாக விலகிச் செல்லும் வழியே இல்லை. விடியலுக்கு முன் வேலைக்குப் போகும் துப்புரவுத் தொழிலாளிக்கு, அந்த நேரத்தில் வெளியே போகாதே என்ற அறிவுரையால் என்ன பயன்? திருநங்கைகளும் திருநம்பிகளும் தெருவில் மட்டுமல்லாமல் கழிப்பறை வாசலிலும் காவல் நிலையத்திலும் அவமதிப்புக்கு ஆளாகிறார்கள்; உதவி கேட்க வேண்டிய இடமே அவர்களுக்கு அச்சம் தருகிறது.

ஆண்களிலும் அப்படித்தான். கறுப்பின அமெரிக்க இதழாளர் பிரென்ட் ஸ்டேபிள்ஸ் 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில், இரவுத் தெருவில் தன்னைக் கண்டதும் மக்கள் விலகி ஓடியதைப் பற்றிச் சொல்கிறார். அவர்களுடைய அச்சம் தணியட்டும் என்று ஐரோப்பியச் செவ்வியல் இசையமைப்பாளர் விவால்டியின் இசையைச் சீட்டியடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். தன்னை ஆபத்தானவனாக நினைத்து யாராவது தன்னையே தாக்கிவிடக்கூடும் என்ற அச்சம் அவருக்கு. இதைப் படித்துவிட்டுப் பெண்களின் அச்சம் பொய் என்று யாரும் முடிவுக்கு வர வேண்டியதில்லை. ஆண் என்ற அடையாளமும் இனத்தோடு சேரும்போது தெருவில் ஒரு சுமையாகலாம் என்பதே செய்தி.

எது உதவுகிறது

1970களின் இறுதியில் இங்கிலாந்தின் வடபகுதியில் பெண்கள் தொடர்ந்து கொல்லப்பட்டபோது, இரவில் பெண்கள் வெளியே வர வேண்டாம் என்று காவல்துறை அறிவுறுத்தியது. 1977 நவம்பரில் லீட்ஸ் உட்படப் பல ஊர்களில் பெண்கள் இரவு ஊர்வலம் போனார்கள். கொலைகாரன் ஆணாக இருக்க, ஊரடங்கு எங்களுக்கா என்பது அவர்களுடைய கேள்வி. அந்தக் கேள்வி இன்றும் செல்லும். பெண்களை மட்டும் கட்டுப்படுத்தும் எந்த யோசனையும் அவர்களுடைய பாதுகாப்பு வேலையைக் கூட்டுகிறதே ஒழியக் குறைப்பதில்லை.

வெளிச்சம் உதவுகிறது. நியூயார்க்கில் 2016இல் பொதுக் குடியிருப்புகள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கூடுதல் விளக்குகள் வைத்துப் பார்த்தபோது, இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. ஆனால் கண்ணைக் கூசவைக்கும் ஒற்றை விளக்கு நிம்மதி தராது. அதன் கீழே நிற்பவள் எல்லோருக்கும் தெரிகிறாள், சுற்றியுள்ள இருட்டில் இருப்பவர்கள் அவளுக்குத் தெரிவதில்லை. சீரான, இடைவெளியில்லாத ஒளி வேண்டும்.

பெண்களுக்கென்று தனி ரயில் பெட்டி பழைய யோசனை. டோக்கியோவில் 1912லேயே அப்படி ஒன்று ஓடியது. நெரிசலில் தினமும் போகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அடுத்த பெட்டியில் ஏறுகிற பெண்ணைப் பார்த்து, உனக்குத்தான் தனிப் பெட்டி இருக்கிறதே என்று சொல்ல அது இடம் கொடுத்துவிடுகிறது. மான்ட்ரியல் நகரம் 1996இல் செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். இரவில் தனியாகப் பயணம் செய்யும் பெண், இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே தன் வீட்டுக்கு அருகில் இறக்கிவிடும்படி பேருந்து ஓட்டுநரைக் கேட்கலாம். பெரும் கட்டுமானம் எதுவும் தேவைப்படவில்லை. இருட்டில் நடக்கும் தூரம் குறைந்தது.

இப்படிப்பட்ட யோசனைகள் பயன்படுத்துபவர்களிடமிருந்தே வருகின்றன. அதற்கென்று ஒரு முறையும் இருக்கிறது: பாதுகாப்புத் தணிக்கை. கனடாவின் டொரன்டோவில் 1989இல் உருவாகி உலகெங்கும் பரவியது. ஓர் இடத்தைப் பயன்படுத்தும் பெண்கள் சிலர் இருட்டிய பிறகு சேர்ந்து நடந்து, எங்கே விளக்கு எரியவில்லை, எங்கே சுவர் பார்வையை மறைக்கிறது, கூப்பிட்டால் யார் காதில் விழும், எங்கே கால் தயங்குகிறது என்று குறித்துக்கொண்டு நிர்வாகத்திடம் கொடுக்கிறார்கள். தில்லியில் 2013இல் தொடங்கிய சேஃப்டிபின் என்ற கைபேசிச் செயலி இதே வேலையை வரைபடத்தில் செய்கிறது. வெளிச்சம், நடைபாதை, போக்குவரத்து வசதி ஆகியவற்றோடு, அங்கே பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் நின்றவருக்கு எப்படி இருந்தது என்பதையும் அது தனித்தனியே பதிவு செய்கிறது.

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ ஒரு பெண் அந்த வழியில் போக எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னால், அங்கே இதுவரை ஒன்றும் நடந்ததில்லையே என்று பதில் சொல்லாதீர்கள். எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை, எந்த நேரத்தில், அங்கே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அவளிடம் துல்லியமான பதில் இருக்கும்: மதில் திரும்பும் மூலையில், கடைகள் அடைத்த பிறகு, நிறுத்திவைத்த லாரிகளுக்கு நடுவே. அதை எழுதி உரியவர்களிடம் கொடுப்பதை அவள் ஒருத்தியின் பொறுப்பாக விட்டுவிடாமல் நீங்களும் செய்யலாம்.